ஆணைக்கு அடங்காத பணி

கணினியைக் கையாளும் அலுவலகங்களில் அடிக்கடி எழும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. திரையில் ஒரு நிரல் அசைவற்று நின்றுவிடுகிறது. எந்த விசையைத் தட்டினாலும் பயனில்லை. முடிந்துவிடுமாறு கட்டளையிடுகிறோம், அது முடிவதில்லை. அதனினும் கடுமையான கட்டளையை இடுகிறோம். அதற்கும் அது செவிசாய்ப்பதில்லை. பத்து முறை இட்டாலும் பலன் ஒன்றே. இறுதியில் பொறுமை இழந்து மின்சாரத்தைத் துண்டித்து விடுவோர் பலர். அவ்வாறு துண்டிக்கும்போது, நின்றுபோன நிரலோடு, அன்று காலை முதல் எழுதிச் சேர்த்த பக்கங்களும், அதே கணினியில் பிறர் செய்துகொண்டிருந்த வேலைகளும் அழிந்துபோக இடமுண்டு.

ஆணைக்கு அடங்காத ஒன்றைக் கண்டால் அது பிடிவாதம் செய்கிறது என்று எண்ணுவது மனித இயல்பு. கணினியைப் பொறுத்தவரை உண்மை அதுவன்று. அது எதையோ எதிர்நோக்கிக் காத்திருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்று ஆராய்ந்து அறிவதே நோயறிதல். காத்திருக்கும் பொருளை அதற்குக் கிடைக்கச் செய்வதே பெரும்பாலும் மருத்துவம். இவ்வுண்மையை லினக்ஸ் என்னும் இயக்கமுறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு நேயர்களுக்கு விளக்க முற்படுவோம்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையை வகுக்கத் தொடங்கினர். அதன் அமைப்பைப் பின்பற்றி, 1991இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்ததே லினக்ஸ். இன்று உலகின் பெருங்கணினிகளிலும், ஆண்டிராய்டு வகைக் கைப்பேசிகளிலும் அதுவே அடித்தளமாக இயங்குகிறது. நம் நாட்டிலும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் தொகுப்பும், கேரளப் பள்ளிகளில் பயன்படும் தொகுப்பும் லினக்ஸைச் சார்ந்தவையே. ஆகவே இது அயலார்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

முதற்கண் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். நிரல் என்பது எழுதி வைக்கப்பட்ட கட்டளைகளின் தொகுதி. அந்நிரல் நினைவகத்தில் ஏற்றப்பட்டு இயங்கத் தொடங்கும்போது அதனைப் பணி என்போம். சுரக்குறிப்பு வேறு, பாடப்படும் பாட்டு வேறு. ஒரே சுரக்குறிப்பை வைத்துக்கொண்டு ஒரே வேளையில் பல இடங்களில் பாடலாம். அவ்வாறே ஒரு நிரலிலிருந்து பல பணிகள் தோன்றலாம். ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே ஓர் எண் உண்டு. இப்பணிகள் அனைத்திற்கும் நேரத்தையும் நினைவகத்தையும் பகிர்ந்தளித்து, வட்டு, அச்சுப்பொறி முதலிய கருவிகளோடு அவை நேரே உறவாடாதவாறு இடைநின்று ஆளுவது கெர்னல் எனப்படும் உள்நிரலாகும்.

இனி, பணியை முடிக்கும் கட்டளைக்கு வருவோம். அதன் ஆங்கிலப் பெயர் 'கில்' என்பது. மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்டிருக்கும் நமக்கு அதனைக் 'கொல்' என்று பெயர்க்கவே தோன்றும். சொல்லுக்குச் சொல் அது சரியே. பொருளுக்கு அது பொருந்தாது. அக்கட்டளை எதனையும் தானே கொல்வதில்லை. அது ஒரு சமிக்ஞையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்குமாறு கெர்னலை வேண்டுகிறது, அவ்வளவே. சமிக்ஞைகள் பல உள; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. சில சமிக்ஞைகள் பணியைத் தற்காலிகமாக நிறுத்துவன. சில நின்ற பணியை மீண்டும் தொடரச் செய்வன. பூஜ்யம் என்னும் எண்ணைக் குறித்து அனுப்பினால் எந்தச் சமிக்ஞையும் செல்வதில்லை. அப்படியொரு பணி இருக்கிறதா என்ற விடை மட்டும் கிடைக்கும். ஆகவே இக்கட்டளையை அஞ்சற்காரராகக் கருதுவதே பொருத்தம்.

எண் குறிப்பிடாமல் கட்டளையிட்டால் 15ஆம் சமிக்ஞை செல்லும். அது ஒரு வேண்டுகோள். அதனைப் பெற்ற பணி, திறந்த கோப்புகளை மூடி, எழுத வேண்டியதை எழுதி, முறையாக விடைபெறலாம். அல்லது வேண்டுகோளைப் புறக்கணிக்கவும் செய்யலாம். 9ஆம் சமிக்ஞை அத்தகையதன்று. அதனைத் தடுக்கவோ புறக்கணிக்கவோ எந்தப் பணிக்கும் உரிமை இல்லை. அதனைப் பணியின் கையில் கெர்னல் கொடுப்பதே இல்லை. தானே அப்பணியை முடித்துவிடுகிறது. அவ்வாறாயின் 9ஆம் சமிக்ஞைக்கும் அசையாத பணி எங்ஙனம் இருத்தல் கூடும்? இதற்கு நான்கு வகைக் காரணங்கள் உள்ளன. அவற்றை எளியதிலிருந்து அரியதற்கு ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, அதிகாரம் இன்மை. ஒருவர் தொடங்கிய பணியை மற்றொரு சாதாரணப் பயனர் முடிக்க இயலாது. அனுமதி இல்லை என்ற விடையைத் திரையே காட்டிவிடும். அதனைப் படியாமல் மேன்மேலும் கட்டளையிடுவோர் உண்டு.

இரண்டாவது, மறுபிறப்பு. சில பணிகளைக் கண்காணிப்பதற்கென்றே வேறொரு பணி அமர்த்தப்பட்டிருக்கும். கண்காணிக்கப்படும் பணி முடிந்தவுடன் அது புதிய பணி ஒன்றைத் தொடங்கிவிடும். பெயர் ஒன்றாகவே இருப்பதால் பழைய பணியே சாகாமல் நிற்பதாக நமக்குத் தோன்றும். பணியின் எண்ணை உற்றுநோக்கினால் ஐயம் தீரும். எண் மாறியிருப்பின் கட்டளை நிறைவேறிவிட்டது என்பது தெளிவு. அப்போது நிறுத்தச் சொல்ல வேண்டியது கண்காணிக்கும் பணியிடமே.

மூன்றாவது, முன்னரே முடிந்துவிட்ட பணி. பணிகளின் நிலையைக் காட்டும் பி.எஸ். என்னும் கட்டளையை இட்டால் ஒவ்வொரு பணிக்கும் எதிரே ஓர் ஆங்கில எழுத்துத் தோன்றும். இசட் என்னும் எழுத்துத் தோன்றினால் அப்பணி இறந்துவிட்டது என்று பொருள். இறந்தும் அதன் பெயர் ஏன் பட்டியலில் நிற்கிறது? ஒவ்வொரு பணியையும் தோற்றுவித்த தாய்ப்பணி ஒன்று உண்டு. சேய்ப்பணி எவ்வாறு முடிந்தது என்ற குறிப்பைத் தாய்ப்பணி கேட்டுப் பெறும் வரையில் கெர்னல் அக்குறிப்பைக் காத்து வைக்கிறது. ஓய்வு பெற்றுச் சென்றுவிட்ட ஊழியரின் பெயர், மேலதிகாரி ஒப்பமிடாததால் வருகைப் பதிவேட்டில் நிற்பது போன்றது இது. இறந்ததை மீண்டும் கொல்ல இயலாது அன்றோ? அத்தகைய பணி நினைவகத்தையும் நேரத்தையும் உண்பதில்லை. பட்டியலில் ஓர் இடத்தை மட்டும் அடைத்து நிற்கும். ஒன்றிரண்டு இருப்பதால் தீங்கில்லை. மிகப் பலவாகப் பெருகினால் தாய்ப்பணியில் குறை உண்டென்று கொள்ளலாம். தாய்ப்பணி முடிவுற்றால், 1ஆம் எண்ணுள்ள முதற்பணி அச்சேய்களைத் தன்னுடையனவாக ஏற்று, பட்டியலிலிருந்து பெயர்களை நீக்கிவிடும்.

நான்காவதே உண்மையில் அரிய நோய். அது டி என்னும் எழுத்தால் குறிக்கப்படும். கலைக்கவொண்ணாத உறக்கம் என்று அதனைக் கூறலாம்.

இதன் தன்மையை விளங்கிக்கொள்ள, 9ஆம் சமிக்ஞை எப்போது நிறைவேறுகிறது என்பதை அறிதல் வேண்டும். ஒரு பணி வட்டிலிருந்து ஒரு கோப்பைப் படிக்க விரும்பினால் கெர்னலை நாடுகிறது. அதாவது கெர்னலுக்கு உள்ளே புகுகிறது. வேலை முடிந்ததும் வெளியே வந்து தன் வழியே தொடர்கிறது. வந்திருக்கும் சமிக்ஞைகள் அவ்வாறு வெளிவரும் வாசற்படியிலேயே கவனிக்கப்படுகின்றன. சாதாரண உறக்கத்தில் இருக்கும் பணியாயின், சமிக்ஞை வந்தவுடன் கெர்னல் அதனை எழுப்பி வாசலுக்கு அழைத்து வந்துவிடும். டி நிலையில் உறங்கும் பணியை மட்டும் எழுப்புவதில்லை. கட்டளை வாசலில் கிடக்கிறது. பணியோ உள்ளறையில் இருக்கிறது. பத்துக் கட்டளைகள் சேர்ந்து கிடந்தாலும் அது வெளியே வரும் வரையில் ஒன்றும் நிகழாது.

இவ்வளவு கடுமையான ஏற்பாடு எதற்காக? இரண்டு காரணங்களைக் கூறலாம். வட்டை ஆளும் கருவி, தான் படித்த செய்தியை நினைவகத்தில் குறித்த ஓர் இடத்தில் நேரே கொண்டுவந்து இறக்குகிறது. இறக்கி முடிவதற்குள் பணியை அழித்து, அவ்விடத்தை வேறொரு பணிக்கு ஒதுக்கிவிட்டால், வந்து விழும் செய்தி அந்த வேறொரு பணியின் உடைமையைச் சிதைத்துவிடும். மேலும், கோப்பு அமைப்பைத் திருத்தும் வேளையில் பணியானது கெர்னலுக்குள் ஒரு பூட்டை இட்டுக்கொண்டு வேலை செய்கிறது. பூட்டைத் திறவாமல் அது மடிந்தால், அப்பூட்டுக்காகக் காத்திருக்கும் பிற பணிகள் என்றென்றும் காத்திருக்க நேரும். இத்தகைய கேடுகளைத் தவிர்க்கவே இவ்வுறக்கம் வகுக்கப்பட்டது. ஆகவே டி நிலை என்பது தன்னளவில் நோயன்று. அது ஒரு பாதுகாப்பு. நலமாக உள்ள கணினியிலும் பணிகள் கண்ணிமைக்கும் நேரம் இந்நிலையை அடைந்து மீளும். ஒரு முறை டி எழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அதே எண்ணுள்ள பணி, பலமுறை பார்த்த பின்னும் அதே நிலையில் நின்றால் அப்போதே ஆராய்ச்சி தொடங்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கு மூன்று துணைகள் உள்ளன. ஒன்று, சுமைக் கணக்கு. இயங்கும் பணிகளோடு டி நிலையில் உறங்கும் பணிகளையும் லினக்ஸ் சுமையாகக் கணக்கிடுகிறது. 1993 முதல் இவ்வழக்கம் உண்டு. ஆகவே சுமை எண் மிக உயர்ந்தும், கணிக்கும் உறுப்பாகிய செயலி வேலையின்றி வாளாவிருந்தும் காணப்பட்டால், பணிகள் கணக்கிடவில்லை, காத்திருக்கின்றன என்று துணியலாம். இரண்டாவது, ப்ராக் என்னும் அடைவு. அதில் ஒவ்வொரு பணியின் எண்ணுக்கும் ஒரு பிரிவு உண்டு. அப்பிரிவில் டபிள்யூ-சான் என்ற பெயருள்ள கோப்பு, அப்பணி கெர்னலின் எந்தப் பகுதியில் உறங்குகிறது என்பதைக் கூறும். ஸ்டாக் என்னும் கோப்பு, அது அங்கே சென்றடைந்த வழியையும் கூறும்; அதனைப் படிக்க நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். மூன்றாவது, கெர்னல் எழுதி வைக்கும் குறிப்பேடு. 120 வினாடிகளுக்கு மேல் ஒரு பணி இந்நிலையில் நின்றால், பல கணினிகளில் அச்செய்தி அதன் பெயருடனும் வழியுடனும் குறிப்பேட்டில் பதியப்படும். பல பணிகள் ஒருங்கே நின்றிருப்பின், அவற்றுள் முதலில் நின்றது எது என்று காணுதல் நலம். ஏனையவை அதன் பூட்டுக்காகவே காத்திருக்கக் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தில்லியில் ஓர் அலுவலகத்தில் அறுவர் ஆண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்து வருவதாக வைத்துக்கொள்வோம். கோப்புகள் அனைத்தும் வேறொரு கட்டிடத்தில் உள்ள பொதுக் கணினியில் இருக்கின்றன. தொலைவில் உள்ள கோப்புகளைத் தன்னிடத்தே உள்ளனபோல் காட்டும் என்.எஃப்.எஸ். என்னும் முறை அதற்குப் பயன்படுகிறது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வகுத்த முறை அது. முற்பகல் பதினொரு மணிக்கு அறுவரின் திரைகளும் ஒருங்கே நின்றுவிடுகின்றன. சுமை எண் ஏறியிருக்கிறது; செயலி வாளாவிருக்கிறது. தொகுப்பு நிரல்களின் எதிரே டி எழுத்து. உறங்கும் இடத்தின் பெயரில் என்.எஃப்.எஸ். என்னும் எழுத்துகள் காணப்படுகின்றன. குறிப்பேட்டில், பொதுக் கணினி விடையளிக்கவில்லை, மீண்டும் முயல்கிறோம் என்ற செய்தி பதிந்திருக்கிறது. காரணம் இப்போது வெளிப்படை. கோளாறு நம் கணினியில் இல்லை. நடுவே உள்ள கம்பியிலோ, இணைப்புப் பெட்டியிலோ, பொதுக் கணினியிலோ உள்ளது.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கருதுதல் வேண்டும். என்.எஃப்.எஸ். முறையில், பொதுக் கணினி திரும்பி வரும் வரையில் விடாது காத்திருக்குமாறு ஏற்பாடு செய்வது வழக்கம். அது திரும்பியதும், ஒன்றும் நேராததுபோல் பணிகள் விட்ட இடத்திலிருந்து தொடரும். எழுதி இன்னும் சேமிக்காத வரிகளும் அப்படியே இருக்கும். ஆனால் அறுவருள் ஒருவர் அவசரப்பட்டு 9ஆம் சமிக்ஞையை அனுப்பிவிட்டார் என்று கொள்வோம். 2008இல் வெளியான 2.6.25 என்னும் கெர்னல் பதிப்பிலிருந்து, டி எழுத்தைக் காட்டும் உறக்கங்களிலும் 9ஆம் சமிக்ஞைக்கு மட்டும் கலையும் ஒரு வகை சேர்க்கப்பட்டது, என்.எஃப்.எஸ். காத்திருப்பு அவ்வகையைச் சார்ந்தது. ஆதலின் அவருடைய பணி அப்போதே மடியும். சேமிக்காத வரிகளும் உடன் மடியும். கலையாத வகை உறக்கமாயினும் முடிவில் மாற்றமில்லை. அனுப்பிய சமிக்ஞை வாசலில் கிடக்கும்; காத்திருந்த பொருள் கிடைத்துப் பணி கண்விழித்து வெளிவரும் அந்நொடியிலேயே அது நிறைவேறிவிடும். கம்பியைச் சரிசெய்து காப்பாற்றிய பணியை, அரை மணி நேரத்துக்கு முன் நாம் இட்ட கட்டளையே அழித்துவிடும். அனுப்பிய 9ஆம் சமிக்ஞையைத் திரும்பப் பெற வழியில்லை. காரணம் அறியும் முன்னர் அதனை ஏவுதல் தகாது என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

வேறு சில நிலைகளும் உண்டு. கையடக்க நினைவுக் குச்சியில் பெருங்கோப்பு ஒன்றைப் படியெடுக்கும்போது, பணி டி நிலையில் நெடுநேரம் நிற்பதுண்டு. அது நோயன்று, குச்சி மெதுவாக எழுதுகிறது. ப்ராக் அடைவில் மெம்-இன்ஃபோ என்ற கோப்பில் 'டர்ட்டி' என்னும் வரி, எழுதப்படக் காத்திருக்கும் செய்தியின் அளவைக் காட்டும். அவ்வளவு சிறிது சிறிதாகக் குறைந்து வருமாயின் காத்திருப்பதே கடமை. அப்போது குச்சியைப் பிடுங்கினால் கோப்பும் கெடும். வட்டு பழுதடையத் தொடங்கினால் குறிப்பேட்டில் பிழைச் செய்திகள் அடுக்கடுக்காகத் தோன்றும். வட்டுக்கு இடப்படும் ஒவ்வொரு கட்டளைக்கும் லினக்ஸ் வழக்கமாக 30 வினாடி தவணை கொடுத்து, மீண்டும் மீண்டும் முயலும். சில நிமிடங்கள் சென்றபின் பிழை என்ற விடையோடு பணி தானே வெளிவரலாம். அவ்வாறு வந்தால், உடனே செய்யத்தக்கது கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றுதலே. கருவியை இயக்கும் நிரலிலேயே பிழை இருந்து, விடை ஒருபோதும் வாராதாயின், அந்நிலையில் மட்டுமே கணினியை மீளத் தொடங்குதல் தவிர்க்கவொண்ணாததாகிறது.

விண்டோஸ் முறையிலும் இதே கதைதான். கருவியிடம் விடுத்த வேண்டுகோள் நிறைவேறவோ கைவிடப்படவோ இல்லையெனில், முடிக்கச் சொன்ன பணி பட்டியலில் நின்றுகொண்டே இருக்கும். பெயர்கள் வேறாயினும் காரணம் ஒன்றே.

மீளத் தொடங்குவதற்கும் முறை உண்டு. அதே கணினியில் வேலை செய்யும் பிறருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, அவர்கள் எழுதியவற்றைச் சேமித்து விலகச் செய்தல் வேண்டும். குறிப்பேட்டில் உள்ள செய்தியைப் படியெடுத்தோ, திரையைக் கைப்பேசியால் படம் பிடித்தோ வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லையேல் நாளை இதே நோய் மீளும்போது புதிதாக ஆராய நேரும். பழுதான வட்டுக்காகச் சேமிக்கும் கட்டளையும் உறங்கிவிடக் கூடும். ஆதலின் அதற்கெனத் திறந்திருக்கும் ஒரே முகப்பில் அதனை இடாமல், தனி முகப்பில் இடுதல் நலம். அதன் பின்னர் வழக்கமான முறையில் கணினியை மூட முயல வேண்டும். மின்சாரத்தைத் துண்டிப்பது இவையனைத்தும் பயனற்றுப் போன பின்னரே.

சுருங்கக் கூறின், பணி நின்றுவிட்டதாகத் தோன்றினால் எழுத வேண்டிய வினாக்கள் ஐந்து. அப்பணியை முடிக்க நமக்கு அதிகாரம் உண்டா? அதன் எண் மாறியிருக்கிறதா? அதன் எதிரே நிற்கும் எழுத்து யாது? டி ஆயின், எவ்விடத்தில் உறங்குகிறது? அங்கே அது எதிர்நோக்கும் பொருளை நாம் திரும்பக் கொணர முடியுமா? இவ்வைந்தையும் ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டி வைக்கலாம். 9 என்னும் எண்ணை இவ்வைந்துக்கும் கீழே, கடைசியில் எழுதி வைத்தல் நலம். பத்து நிமிடம் ஆராய்வதால் ஒரு நாள் உழைப்பு எஞ்சுமாயின், அப்பத்து நிமிடம் வீணாகப் போனதாகாது.